வரப்பில் போட்ட பானை ஓடுகளை முதலில் எடுத்து வையுங்கள்

கேள்வி:

ஐயா, கரூர் மாவட்டத்தில் அமராவதிக் கரையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. நாலு மாதத்துக்கு முன்னால் சோளத்தட்டு அறுக்கும்போது தங்கையின் தங்கத் தோடு ஒன்று காட்டில் விழுந்துவிட்டது. எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கித் தேடினேன். இரண்டாம் நாள் தோடு கிடைத்துவிட்டது. அதோடு சில பழைய காசுகளும் வந்ததால் விடுமுறை நாளெல்லாம் தேட ஆரம்பித்தேன். இதுவரை 19 காசுகள், ஒரு ஈய உருண்டை, ஒரு சின்ன வெண்கல மணி. செம்புக் காசுகளை அம்மா புளியும் உப்பும் போட்டு விளக்கிக் கொடுத்தார். மனிதத் தலை போட்ட வெள்ளிக் காசை இன்னும் தேய்க்கவில்லை. எடை 3.71 கிராம். ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 காசு ஒன்றும் இருக்கிறது. அது அரிசியை இழுக்குமா என்று பார்த்துவிட்டு ஐந்து லட்சம் தருவதாக ஒருவர் சொல்கிறார். இவையெல்லாம் என்ன காசுகள், என்ன விலை போகும், யாரிடமாவது சொல்ல வேண்டுமா? மேட்டுப் பக்கம் காசைவிடப் பானை ஓடுதான் அதிகம் வருகிறது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அதையெல்லாம் வரப்பில் போட்டுவிட்டேன். படங்கள் அனுப்பியிருக்கிறேன். (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

— ஒரு வாசகர், கரூர் மாவட்டம்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காசுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். பானை ஓட்டைப் பற்றி எழுதியது கடைசியில் மூன்றே வரி. அருங்காட்சியக நாணயப் பிரிவில் முப்பது ஆண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான், காசு என்றால் எனக்கு உயிர். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், அந்த மூன்று வரிதான் என்னை உட்கார விடவில்லை. அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

ராமர் காசிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அதில்தான் உங்களுக்கு ஆபத்து இருக்கிறது. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ஆங்கிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818. கம்பெனி இப்படி ஒரு காசை அச்சடிக்கவே இல்லை. இது பிற்காலத்தில் செய்து விற்கப்பட்ட வில்லை. இதே மாதிரி அனுமன், தாமரை, வேறு ஆண்டுகள் போட்டும் ஊர் ஊராகச் சுற்றுகின்றன. பழைய காலத்தில் ராமடங்கா என்று கோயில்களில் வழங்கிய வில்லைகள் உண்டு, அவை வேறு, அவற்றில் கம்பெனி பெயர் இருக்காது.

அரிசியை இழுக்கும் காசு என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. இரிடியம் என்பார்கள். இரிடியம் என்பது மிகக் கனமான ஒரு உலோகம், அவ்வளவுதான். அரிசிக்கும் அதற்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை. அரிசியில் இரும்புத் துகளை ஏற்றி, காந்தத்தை மறைத்து வைத்துக் காட்டுகிற வித்தை அது. ஐந்து லட்சம் தருகிறேன் என்று வருகிறவர் அடுத்த முறை வரும்போது சோதனைச் செலவு, சான்றிதழ்ச் செலவு என்று உங்களிடம்தான் பணம் கேட்பார். நிலத்தை அடமானம் வைத்துக் கொடுத்துவிட்டு அருங்காட்சியக வாசலில் வந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதரிடம் இனிமேல் பேச வேண்டாம். வீட்டு முகவரியும் கொடுக்க வேண்டாம்.

சரி, மற்ற காசுகள்.

ஐந்து செம்புக் காசுகளில் நிற்கும் உருவத்தை அனுமன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மனிதன். கையில் பூ பிடித்துக்கொண்டு நிற்கிறார். கை கால் எல்லாம் கம்பி மாதிரி, தலை ஒரு புள்ளி மாதிரி இருப்பதால் அப்படித் தோன்றியிருக்கும். காசைத் திருப்பினால் உட்கார்ந்த உருவமும், அதன் கைக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்றும் இருக்கிறது. முதலாம் ராஜராஜன் (985–1014) வெளியிட்ட காசு வகை. தமிழ்நாட்டில் எங்கே உழுதாலும் வரும், இலங்கையிலும் ஏராளமாகக் கிடைக்கிறது. பின்னால் ஆண்ட இலங்கை மன்னர்கள் இந்த அமைப்பையே தங்கள் காசுக்கும் எடுத்துக்கொண்டார்கள். ராஜராஜன் பெயர் இருப்பதால் லட்சம் பெறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிகச் சாதாரணமாகக் கிடைக்கிற காசு இது.

சிங்கங்கள் கேடயத்தைப் பிடித்திருக்கும் 1808 காசு உண்மையான கம்பெனிக் காசு. பின்பக்கம் உருது என்று நீங்கள் நினைத்தது பாரசீகம். 'பீஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்', அதாவது இருபது காசு நாலு ஃபுலூஸ் ஆகும் என்று எழுதியிருக்கிறது. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்தது. அதனால்தான் விளிம்பு அவ்வளவு வட்டமாக இருக்கிறது. இதே 1808 காசுகளை ஏற்றிக்கொண்டு மதராஸுக்குக் கிளம்பிய ஒரு கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை அள்ளி அள்ளி மேலே எடுத்தார்கள். அதனால் இதற்கும் பெரிய விலை இல்லை.

விக்டோரியா காலணா இரண்டும், ஓட்டைக் காலணா ஒன்றும் உங்கள் பாட்டனார் காலத்தில் மடியிலிருந்து விழுந்தவையாக இருக்கும். ஓட்டைக் காலணா 1943இலிருந்து 1947 வரை வந்தது. ஈய உருண்டை பழைய துப்பாக்கிக் குண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் கரூர்க் கோட்டை மைசூர்ப் படைக்கும் கம்பெனிப் படைக்கும் இடையில் பலமுறை கைமாறியது. 1783இலும் 1790இலும் கம்பெனி பிடித்தது. உருண்டையில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் சுட்டு எதன்மீதோ மோதிய குண்டு, முழு உருண்டையாக இருந்தால் யாரோ தவறவிட்டது. மணியில் எழுத்தோ தெளிவான வேலைப்பாடோ இல்லை. மாட்டுக் கழுத்து மணியாக இருக்கலாம் என்பதற்கு மேல் படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது இரண்டு யானைகள். உங்களிடம் யானை போட்ட காசு இரண்டு இருக்கிறது, இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்திருக்கிறீர்கள். வட்டமாக, தடிமனாக, 11 கிராம் எடையில் இருப்பது திப்பு சுல்தானின் செம்புப் பைசா. அவர் ஆண்டது 1782இலிருந்து 1799 வரை. திருப்பினால் பாரசீக எழுத்து இருக்கும். கொங்குப் பகுதியில் இது கிடைப்பது இயல்பு.

இன்னொன்று சதுரம். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் 'வில் மாதிரி ஏதோ' என்று எழுதியிருக்கிறீர்கள். வில் மாதிரி ஒன்றும் இல்லை தம்பி, வில்லேதான். நாணில் அம்பும் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வில்லுக்குப் பக்கத்தில் அங்குசம் போல ஒரு கோடு தெரிகிறது. இது சங்க காலச் சேரர் காசு. பாண்டியர் சதுரக் காசில் யானைக்குப் பின்பக்கம் கோடு கோடாக மீன் இருக்கும். சோழருக்கு வாலைத் தூக்கிய புலி. மலையமான் என்ற குறுநில மன்னர் காசில் குதிரை. வில் என்றால் சேரர். திப்புவின் யானைக்கும் இந்த யானைக்கும் நடுவில் ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து எண்ணூறு ஆண்டு இருக்கிறது. இரண்டும் உங்கள் ஒரே காட்டில்.

பொடிப் பொடியாக இருக்கும் ஆறு செம்புக் காசுகளை நீங்கள் கழிவு என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒன்று, ஒன்றரை கிராம்தான் ஒவ்வொன்றும். அவை கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டு ரோமானியச் செம்புக் காசுகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கரூர் அமராவதி மணலிலும் மதுரைப் பக்கத்திலும் இந்த மாதிரி நிறையக் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் மட்டும் தலையின் ஓரம் தெரிகிறது. மற்ற ஐந்திலும் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் புளி அதைத் தின்றுவிட்டது.

இதை அம்மாவைக் குறை சொல்லி எழுதவில்லை. குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கித்தானே பழக்கம். ஆனால் மண்ணில் ஆயிரம் ஆண்டு கிடந்த செம்பில் எழுத்தும் உருவமும் பல நேரம் உலோகத்தில் இருப்பதில்லை, மேலே படிந்த பச்சைக் களிம்பில்தான் இருக்கின்றன. அந்தப் படலத்தைப் புளியின் அமிலம் கரைத்தால் எழுத்தும் சேர்ந்தே போய்விடும். மிஞ்சுவது பளபளப்பான ஒரு தகடு. உப்பு இன்னும் மோசம். உப்பில் இருக்கும் குளோரைடு காசின் நுண்ணிய துளைகளில் தங்கிவிடும். காற்றில் ஈரம் பட்டால் வெளிர்ப் பச்சையாக மாவு மாதிரி பூக்கும். கெட்டியான கரும்பச்சைக் களிம்பு காசுக்குக் கவசம், இந்த மாவு அதற்கு நோய். விட்டால் காசையே பொடியாக்கிவிடும்.

விளக்கிய செம்புக் காசுகளுக்கு இப்போது செய்ய வேண்டியது இதுதான். வண்டி பேட்டரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர் இரண்டு மூன்று லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அமிலம் கேட்காதீர்கள், தண்ணீர் மட்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசுகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றிக்கொண்டு ஒரு வாரம் ஊற வையுங்கள். அப்புறம் பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து நிழலில் முழுசாக உலர்த்துங்கள். தேய்க்காதீர்கள். வெயிலில் போடாதீர்கள். மருந்து டப்பாவிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, அதோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஒவ்வொரு காசுக்கும் தனித்தனிக் காகித உறை. நாணய ஆல்பம் என்று விற்கிற மெத்தென்ற பிளாஸ்டிக் பைகள் வேண்டாம், அந்த பிளாஸ்டிக்கே செம்பில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும்.

வெள்ளிக் காசைத் தொடாமல் விட்டீர்களே, அதற்கு நன்றி. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தலை இருக்கும் பக்கத்தைத்தான் ஏழு படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். மறுபக்கத்தை ஒன்றுகூட எடுக்கவில்லை. 'பின்னால் ஒன்றும் தெரியவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் அழுக்கு மூடித் தெரியவில்லையா, ஒன்றுமே அடிக்கப்படவில்லையா? இந்தக் காசு விஷயத்தில் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

காரணம் சொல்கிறேன். உங்கள் பகுதியில் தலை போட்ட வெள்ளிக் காசு கிடைத்தால் பெரும்பாலும் அது தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசு. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தது அல்லது கி.பி. 14இலிருந்து 37 வரை ஆண்ட திபேரியஸ் காலத்தது. திபேரியஸ் காசின் பின்பக்கத்தில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், சுற்றிலும் 'போன்டிஃப் மாக்ஸிம்', அதாவது தலைமைக் குரு என்று லத்தீனில் இருக்கும். பின்னால் வந்த பேரரசன் நீரோ கி.பி. 64இல் தெனாரியஸின் எடையையும் வெள்ளியையும் குறைத்தான். நம் பக்கத்துப் புதையல்களில் அதற்கு முந்தைய நல்ல வெள்ளிதான் நிறைந்திருக்கிறது. இங்கே வாங்கியவர்கள் காசை எண்ணி மட்டும் வாங்கவில்லை, உரசியும் நிறுத்தும் பார்த்து வாங்கினார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். கரூருக்குப் பக்கத்தில் புகழூர் ஆறுநாட்டான் மலையில் கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்று ஒருவர் பெயர் தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்-பிராமியில் வெட்டியிருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் ஊரில் அந்தக் காலத்திலேயே பொன் வணிகம் செய்தவர் அவர்.

ஆனால் இன்னொரு வகையும் உண்டு. ரோமானியக் காசைப் பார்த்துச் சேரர்கள் தங்கள் தலையைப் போட்டு வெள்ளியில் வெளியிட்ட காசுகள். 'மாக்கோதை' என்று ஒன்று, 'குட்டுவன் கோதை' என்று ஒன்று. இரண்டும் அமராவதி ஆற்றுமணலில் கிடைத்தவைதான். மாக்கோதை காசின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். இப்போது புரிகிறதா, நான் ஏன் மறுபக்கம் மறுபக்கம் என்று கேட்கிறேன் என்று?

நீங்களே பார்க்கலாம். இருட்டறையில் காசை மேசையில் வைத்து, செல்போன் டார்ச்சை மேலேயிருந்து அடிக்காமல், மேசையோடு மேசையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். காசை மெதுவாகச் சுழற்றுங்கள். தேய்ந்துபோன எழுத்துக்கூட நிழல் விழுந்து எழுந்து வரும். தலையைச் சுற்றி ஆங்கிலப் பெரிய எழுத்து மாதிரி வந்தால் லத்தீன். கூட்டல் குறி மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தமிழ்-பிராமியில் 'க' கூட்டல் குறியாகத்தான் இருக்கும். மாக்கோதை என்ற பெயரில் அது அடுத்தடுத்து இரண்டு முறை வரும். லத்தீனில் அப்படி ஒரு எழுத்தே இல்லை. இந்த ஒரு அடையாளம் போதும்.

3.71 கிராம் என்ற எடை, கொஞ்சம் தேய்ந்த தெனாரியஸுக்குப் பொருந்துகிறது. ஆனால் வெள்ளியா, வெள்ளி பூசிய செம்பா என்பதை எடை சொல்லாது. பழைய காலத்திலேயே பூசிய கள்ளக்காசுகள் உண்டு. அதற்கும் வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. உங்கள் நகைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுசாகத் தொங்க விடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். 0.36 காட்டினால் 3.71ஐ 0.36ஆல் வகுக்க 10.3 வரும், நல்ல வெள்ளிக்கு 10.5 அளவில் இருக்க வேண்டும், ஆக அது வெள்ளி. 0.41 காட்டினால் 9 அளவில் வரும், அது வெள்ளி பூசிய செம்பாக இருக்கலாம். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். வெள்ளிக் காசுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

அந்த மாக்கோதை காசைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் பானை ஓட்டுக்குப் போக அதுதான் வழி. எழுத்து இருக்கிறது, அரசன் முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. இருந்தும் அது எந்த நூற்றாண்டுக் காசு என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஏன்? அவை ஆற்றுமணலில் சலித்து எடுக்கப்பட்டவை. எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோடு, எந்தக் கரியோடு கிடந்தன என்று யாருக்கும் தெரியாது. ஆறு அதைக் கலைத்துவிட்டது. உங்கள் மேட்டை ஆறு கலைக்கவில்லை. இதுவரை.

உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓடு என்றால் அது கறுப்பு சிவப்புப் பானை. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறம் கறுத்தது, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது. இரும்புக் காலத்திலிருந்து சங்க காலம் வரை நம் மக்கள் புழங்கிய பானை. கீழடியில் கிடைத்ததும், நொய்யல் கரைக் கொடுமணலில் கிடைத்ததும் இந்த வகைதான். அது மேட்டுப் பக்கம் மட்டும் நிறைய வருகிறது என்கிறீர்கள். சேரர் சதுரக் காசு எந்தப் பக்கம் கிடைத்தது? கடிதத்தில் இல்லை. அதுவும் மேட்டுப் பக்கம் என்றால், அங்கே மக்கள் குடியிருந்திருக்கிறார்கள், அல்லது இறந்தவர்களை அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது.

உங்கள் கருவிக்கு உலோகம் மட்டும்தான் தெரியும். மணிக்கல்லுக்கு அது கூவாது. எலும்புக்கும், கரிக்கும், பெயர் கீறிய ஓட்டுக்கும் கூவாது. கொடுமணலில் மணிக்கல் பட்டறைகளையும் இரும்பு உலைகளையும் கண்டுபிடித்தது மண்ணைக் கரண்டியால் அடுக்கடுக்காகச் சுரண்டியவர்கள். கூவின இடத்தில் மண்வெட்டி போட்டால் ஒரு காசு வரும், அதைச் சுற்றியிருந்த இரண்டாயிரம் வருஷம் கலைந்து போகும். கலைந்ததைத் திரும்ப அடுக்க முடியாது. ஆகவே மேட்டுப் பக்கம் இனி ஒரு கொத்துகூடப் போடாதீர்கள். இதை ஆலோசனையாக இல்லை, கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் இந்தக் கருவியோடு வயலில் நடப்பது ஒரு பெரிய பொழுதுபோக்கு. 1992 நவம்பரில் ஹாக்ஸ்ன் என்ற கிராமத்தில் ஒருவர், நண்பரான விவசாயி வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார். உங்கள் தங்கை தோடு மாதிரி. கிடைத்தது வெள்ளிக் கரண்டியும் தங்கக் காசும். கொஞ்சம் எடுத்துப் பார்த்தவர், நிறைய இருக்கிறது என்று தெரிந்ததும் தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொல்லிவிட்டார். தொல்லியலாளர்கள் வந்து எடுத்தார்கள். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரோமானியக் காசுகள், இருநூறு வெள்ளி, தங்கப் பொருட்கள். அவர் நிறுத்தியதால்தான் அவை மரப்பெட்டியில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுவரை தெரிந்தது. அந்தச் சுத்தியல்கூட இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் புதையலில் நாலு மிளகுச் சிமிழ்கள் இருந்தன, ஒன்று வெள்ளியில் ஒரு சீமாட்டி உருவம். மிளகு எங்கிருந்து போயிருக்கும்? மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளிலிருந்துதான். அந்த மிளகு வணிகத்தின் மறுமுனையில் புழங்கிய காசுதான் உங்கள் டப்பாவில் இருக்கிறது.

யாரிடம் சொல்வது என்று கேட்டீர்கள். மாவட்ட ஆட்சியரிடம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எதையும் கண்டெடுத்தவர், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உங்கள் உரிமையும் பறிபோகும். முறையாகத் தெரிவித்து, உரிமை கோரி வேறு யாரும் வராவிட்டால் பொருள் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் உரியது. இருவரும் வேறு வேறாக இருந்தால் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே வைத்துக்கொள்ள நினைத்தால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும். செம்புக் காசுக்கு அது பெரிய தொகை ஆகாது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உலகமே வந்து பார்க்கிற செப்புத் திருமேனிகளில் பெரும்பாலானவை இந்த வழியாக வந்தவைதான். ஏதோ ஒரு உழவர் ஏரை நிறுத்திவிட்டுப் போய்ச் சொன்னதால் வந்தவை.

நாலு மாதம் ஆகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், மேலும் தள்ளிப்போடவும் வேண்டாம். வி.ஏ.ஓ.விடம் போய் விஷயத்தைச் சொல்லி, ஆட்சியருக்கு மனுவை எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் நிலத்தின் புல எண்ணைப் போடுங்கள். தயக்கமாக இருந்தால் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். கரூரிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, காப்பாட்சியரைப் பார்த்துப் படங்களைக் காட்டுங்கள். அதுவரை எதையும் விற்கக் கூடாது. நூறு ஆண்டு தாண்டிய காசு சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். தொல்பொருள் தேடி அகழ்வதென்றால் மாநிலத் தொல்லியல் துறையே ஒவ்வொரு கட்டத்துக்கும் அனுமதி பெற்றுத்தான் கீழடியில் குழி போடுகிறது. நாமாகத் தோண்டக் கூடாது.

மனு எழுதுவதற்கு முன்னால் ஒரு மாலை உட்கார்ந்து நினைவுபடுத்திப் பாருங்கள். காட்டின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டு, கிணறு, வேப்பமரம், மேடு எல்லாம் குறித்து, 19 காசில் எது எங்கே கிடைத்தது, முழங்கை ஆழமா, சாண் ஆழமா என்று நினைவிருக்கும்வரை எழுதுங்கள். நிச்சயமாகத் தெரியாததற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். அதே எண்ணைக் காசின் உறையிலும் பென்சிலால் எழுதுங்கள். வருகிற தொல்லியலாளருக்குக் காசைவிட அந்தத் தாள்தான் அதிகம் உதவும்.

வரப்பில் கிடக்கும் ஓடுகளை நாளைக் காலையிலேயே பொறுக்கி எடுங்கள். தண்ணீரில் கழுவ வேண்டாம், தேய்க்க வேண்டாம். மேட்டுப் பக்கத்து ஓடு ஒரு கோணிப்பை, மற்ற இடத்தது இன்னொரு கோணிப்பை. ஒவ்வொரு ஓட்டையும் அந்த டார்ச் வெளிச்சத்தில் பக்கவாட்டில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வழவழப்பான பரப்பில் ஆணியால் கீறியது மாதிரி கோடு ஏதாவது இருந்தால், முக்கியமாகக் கூட்டல் குறியோ, ஏணியோ, மீனோ தெரிந்தால், அதைத் தனியாகப் பஞ்சில் வையுங்கள். கீழடி ஓடுகளில் ஆதன் என்ற பெயர் அப்படிக் கீறித்தான் இருந்தது. அந்த ஓட்டின் படத்தையும், வெள்ளிக் காசின் மறுபக்கத்தையும் பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து எடுத்து அனுப்புங்கள். எனக்கு முதலில் ஓட்டின் படம் வரட்டும்.